திங்கட்கிழமைத் தண்ணீர்

ஊற்று அறையின் சாவி என்னிடம்தான் இருக்கிறது,
பதினோரு வருடமாக.
அறுபத்து மூன்று வீடுகள், ஒரு பள்ளிக்கூடம்,
மேலகியின் நூற்றிருபது மாடுகள்.
இவ்வளவுதான் எங்கள் குடிநீர்ச் சங்கம்.

அயர்லாந்தின் மேற்கு ஓரம்.
இந்த மழையில் தண்ணீருக்குக் காவலா என்று
வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.
மழை இங்கே நிற்பதில்லை, உண்மைதான்.
நிலமும் அதை நிறுத்துவதில்லை.
சுண்ணாம்புப் பாறை. உள்ளெல்லாம் ஓட்டை.
மேட்டில் வருகிற ஓடை
ஹேசல் புதருக்கு அடியில் ஒரு குழியில் இறங்கும்.
பாசி அசையும். அப்புறம் ஓடை இல்லை.
எங்கே போகிறது என்று
போய்ப் பார்த்துத் திரும்பியவர் எவருமில்லை.

அந்த மேட்டில் எண்பத்து நான்கு வீடுகள் வருகின்றன.
ஜூனில் எந்திரங்கள் ஏறின.
மழை பெய்தால் குழி இப்போது
பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் குடிக்கிறது.
கம்பெனி அறிக்கை நூற்று நாற்பது பக்கம்.
தொண்ணூற்று இரண்டாம் பக்கத்தில்
எங்கள் ஊற்று ஒரு நீலப் புள்ளி.
புள்ளிக்கும் குழிக்கும் நடுவே
இரண்டே முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு கோடு.
கோட்டின் மேல்: தொடர்பு எதுவும் இல்லை.

வீடே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.
என் தங்கை ஓர்லா, இரண்டு பிள்ளைகளோடு,
எங்கள் கூடத்து சோபாவில்தான் படுக்கிறாள்.
எண்பத்து நான்கில் ஒன்றுக்கு மனுப் போட்டிருக்கிறாள்.
கூட்டத்தில் நான் எழுந்தபோது
கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
"கட்டாதே என்று சொல்லவில்லை" என்றேன்.
அடுத்த வாக்கியம் வரவில்லை.
உட்கார்ந்துவிட்டேன்.

குகைக்குள் இறங்குகிற ப்ரோனா ஒரு ஜாம் பாட்டிலோடு வந்தாள்.
உள்ளே ஒரு பொடி, செங்கல் நிறத்தில்.
ஈரம் பட்டால் பச்சை,
உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்றாள்.
கவுன்சிலில் அனுமதி வாங்கினோம்.
வீடுதோறும் கடிதம் போட்டோம்.
திங்கள் காலை ஒன்பது இருபது.
குழி அந்தப் பச்சையையும் வாங்கிக்கொண்டது,
எதையும் வாங்கிக்கொள்வது போல.

செவ்வாய், ஊற்றில் ஒன்றுமில்லை.
புதன், ஒன்றுமில்லை.
இரவு டார்ச் அடித்து அடித்து
என் கண்ணிலேயே பச்சை தெரிந்தது,
அதை நம்பாமல் வீட்டுக்குப் போனேன்.

வியாழன், விடிந்தும் விடியாமலும் ஒரு போன்.
கின்டாரஸ். லிதுவேனியாக்காரர், மேட்டு வேலையின் மேஸ்திரி.
"உங்க தண்ணிக்கு என்ன ஆச்சு?
கெட்டில் பச்சையா கொதிக்குது."

எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.
அறுபத்து நான்காவது மீட்டர்!
கட்டுமான ஷெட்டுக்கு நானே போன வருடம் பொருத்தியது.
எங்கள் ஊற்றிலிருந்து எங்கள் பம்ப்
மறுபடி மேட்டுக்கே ஏற்றுகிற தண்ணீர்.
எங்கள் கடிதம் அவர் மேசையில்
பிரிக்காமல், மேலே ஒரு கப் வட்டம்.

மேலே போனேன். கெட்டிலைக் கையில் வைத்திருந்தார்.
இருவரும் ஒன்றும் பேசாமல்
குழிப் பக்கம் பார்த்தோம்.
அதன் விளிம்பிலிருந்து இருபதடி தள்ளி டீசல் டேங்க்.
"நாலு நாள்" என்றார்.
"மூணுக்குக் கொஞ்சம் குறைவு" என்றேன்.

சாயங்காலம், யாரும் உத்தரவிடாமலே,
டேங்க் கான்கிரீட் தளத்துக்கு நகர்ந்திருந்தது.

கம்பெனி பதில் எழுதியது: ஆராயப்படுகிறது.
விசாரணை அக்டோபருக்குத் தள்ளிப் போயிற்று.
தொண்ணூற்று இரண்டாம் பக்கக் கோடு
இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.
ஓர்லாவின் மனுவும் இன்னும் அந்தக் கட்டில்.

ஆனால் எங்கள் ஊரில் கிழமைகள் மாறிவிட்டன.
மேட்டில் திங்கள் அன்று கொட்டுவதை
நாங்கள் வியாழன் குடிக்கிறோம்.
இதைச் சங்கத்துக் குறிப்பேட்டில் எழுதியபோது
எனக்கே கை கூசியது.

இன்று காலை ஓர்லா குழாயைத் திறந்தாள்.
டம்ளரை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.
"அண்ணா, திங்கட்கிழமை அங்கே என்ன வேலை நடந்தது?"
என்று கேட்டாள்.
நான் சொன்ன பிறகுதான்
டம்ளர் பெரியவன் கைக்குப் போயிற்று.